கோடியக்கரை 1967-க்கு முன்னால் என்னவாக இருந்தது?

மூக்கனேரிக் கரை (கன்னங்குறிச்சி, சேலம்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஞாயித்துக்கிழமை காலையில மூக்கனேரிக் கரையில பைனாகுலரோட நிக்கிற கூட்டத்துல நானும் ஒருத்தன். வர்ற ஜனவரியில எங்க தெருப் பசங்களையும் கூட்டிக்கிட்டு, வேன் புடிச்சு கோடியக்கரைக்குப் போறதா இருக்கோம். போறதுக்கு முன்னாடி அந்த இடத்தோட கதையைப் பசங்களுக்குச் சொல்லணும்னு ஆசை. தேடிப் பார்த்தா எல்லா இடத்துலயும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்குது: "1967-ல் வெளிமான்களுக்காகச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது." அதுக்கு முந்தி அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி.

நான் கேக்குறது இதுதானுங்க. அதுக்கு முன்னாடி அந்தச் சதுப்பு யார் கையில இருந்துச்சு? இவ்வளவு பறவை வர்ற இடத்தை ஏன் மானுக்காக அறிவிச்சாங்க? பறவைக்கு அது முக்கியமான இடம்னு முதல்ல எப்படித் தெரிஞ்சுது? நம்ம சேலத்துக்கும் அதுக்கும் ஏதாவது தொடர்பு இருந்தா அதையும் சொல்லுங்க, பசங்க காது குடுத்துக் கேப்பாங்க.

செவ்வாய்ப்பேட்டை வாசகன் பதில்:

கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் சொல்றேன். ராஜாஜி! 1900 வாக்குல இருந்து சேலத்துல வக்கீலா இருந்தவரு, 1917-ல நம்ம நகராட்சித் தலைவர். 1930 ஏப்ரல் 13-ந் தேதி திருச்சியில இருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்களோட நடந்து, 28-ந் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்து, 30-ந் தேதி உப்பு எடுத்துக் கைதானாரு. அந்த நடைக்குப் பாட்டு எழுதிக் குடுத்தவரும் நாமக்கல்காரர்தான். அப்போ நாமக்கல் சேலம் ஜில்லாவுல இருந்துச்சு. தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ குடுத்தா ஜெயில்னு தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் உத்தரவு போட்டப்ப, சனங்க வழியில இருந்த மரக்கிளைகள்ல சோத்து மூட்டையைக் கட்டித் தொங்க விட்டாங்களாம். பசங்களுக்கு இதையே முதல்ல சொல்லுங்க. சதுப்பைப் பத்தி அஸ்தம்பட்டி ஐயா சொல்லுவாரு, அவருக்கு அதான் சொந்த ஊரு.

அகத்தியம்பள்ளியான் (அஸ்தம்பட்டி, சேலம்) பதில்:

தம்பிக்கு வணக்கம். நான் பிறந்தது அகத்தியம்பள்ளி. அப்பா உப்பளத்தில் கூலிக்கு நின்றவர். வரலாற்று ஆசிரியர் வேலை கிடைத்துச் சேலம் வந்தேன், ஓய்வும் பெற்றாயிற்று, இங்கேயே தங்கிவிட்டேன். எங்கள் ஊர்ச் சேற்றைப் பற்றி ஒருவர் அக்கறையாகக் கேட்டு நாளாயிற்று. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பசங்களுக்கு நில அமைப்பைச் சொல்லுங்கள். கோடியக்கரை என்றால் ஒரே இடம் என்று நினைத்துவிடக் கூடாது. கிழக்கே மூக்கு மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பது காடு. பாலை மரமும் முள்ளும் அடர்ந்த, வறண்டாலும் இலை உதிர்க்காத காடு. வெளிமான் அதை ஒட்டிய புல்வெளியில் மேய்கிறது. அங்கிருந்து மேற்கே அதிராம்பட்டினம் பக்கம் வரைக்கும், பாக் நீரிணைக்கு இணையாக, ஏறக்குறைய 48 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடப்பதுதான் வேதாரண்யம் பெரிய சதுப்பு. நடுவில் ஓர் ஒல்லியான மணல்மேடுதான் கடலையும் அதையும் பிரிக்கிறது. மேற்குக் கோடியில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சதுப்பு நிரம்பும். மழைத் தண்ணீர், வடிகால் தண்ணீர், முகத்துவாரம் வழியாக ஏறும் கடல் தண்ணீர் எல்லாம் கலந்து முழங்கால் ஆழத்துக்குத்தான் நிற்கும். அந்த நேரம்தான் வடக்கிலிருந்து உள்ளான்களும் ஆலாக்களும் பூநாரைகளும் வந்து இறங்குகின்றன. தை பிறந்ததும் தண்ணீர் சுண்டத் தொடங்கும். சித்திரையில் பார்த்தால் வெடித்த தரை, அதன்மேல் வெள்ளை வெளேரென்று உப்பு. யாரும் பாத்தி கட்ட வேண்டாம், தானாக விளையும். ஒரே தரை, ஆறு மாதம் பறவைக்கு, ஆறு மாதம் உப்புக்கு. இந்த இரட்டை வாழ்க்கைதான் அதன் சரித்திரம் முழுக்க ஓடுகிறது.

பழைய சாட்சி என்று கேட்டால் நான் சுந்தரரைத்தான் சொல்வேன். சேரமான் பெருமாளோடு அவர் அங்கே வந்ததாகப் பெரிய புராணம் சொல்லும். கோடிக் குழகர் கோயிலில் அவர் பாடிய பதிகத்தைப் பக்திக்காக மட்டும் படிக்காதீர்கள். கடற்காற்று வந்து மோதுகிற கரையில், காட்டுக்குள், துணைக்கு யாருமில்லாமல் ஏனையா தனியாக இருக்கிறீர் என்று இறைவனைக் கேட்கிறார். மரப்பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழறுகின்றன என்கிறார். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன கள ஆய்வுக் குறிப்பு அது! அன்றைக்கே அங்கே பெரிய மரங்கள் இருந்தன, குடி குறைவு, காற்று ஓயாது என்று மூன்று செய்தி அதில் கிடைக்கிறது. பக்கத்தில் பராந்தக சோழன் காலத்தது என்று சொல்லப்பட்ட செங்கல் கலங்கரை விளக்கம் ஒன்று இடிபாடாக நின்றது. சிறுவயதில் அதன்மேல் ஏறியிருக்கிறேன். 2004 சுனாமி அதைக் கொண்டுபோய்விட்டது. இன்றும் எனக்கு அது தாங்கவில்லை.

அடுத்தது, யார் கையில் இருந்தது என்ற கேள்வி. தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவரம் போகும் வழியெல்லாம் சத்திரங்கள் கட்டினார்கள். வழிப்போக்கருக்குச் சோறு போடப் பணம் வேண்டுமே! முத்துப்பேட்டை அலையாத்திக் காடு சத்திர நிர்வாகத்தின் கையில் இருந்தது. அந்த விறகை விற்ற பணம் சத்திரத்துக்குப் போனது. சேற்றில் நின்ற மரம் யாரோ ஒரு காசி யாத்ரிகனுக்குச் சோறாயிற்று. பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போய், 1937-ல் அலையாத்திப் பகுதி காப்புக்காடாயிற்று. ஆனால் காப்புக்காடு என்றால் வெட்டமாட்டார்கள் என்று அர்த்தமில்லை. பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து மொட்டையாக வெட்டினார்கள். மேட்டு நிலக் காட்டில் வெட்டினால் துளிர்க்கும். இங்கே நிழல் போனதும் வெயில் சேற்றைச் சுண்ட வைத்தது, சேறு அமுங்கிப் பள்ளமானது, ஏறிய ஓதத் தண்ணீர் திரும்பி வடியாமல் தேங்கி உப்பு ஏறிக்கொண்டே போயிற்று. விதை விழுந்தாலும் முளைக்கவில்லை. 1990-களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி ஓதத்தை உள்ளே விட்டு வெளியே வடியவிட்டபோதுதான் மொட்டைத் திடல்கள் மறுபடி பச்சையாயின.

இனி உப்பு. இதில்தான் எங்கள் குடும்பத்துக் கதையும் இருக்கிறது. 1805-ல் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கும்பினி உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு சதுப்பில் தானாக விளைந்த உப்பு எடுத்தால் குற்றம், எடுக்காமல் விட்டால் கெடுதல் என்று ஆயிற்று. சனங்கள் வாரிக்கொண்டு போய்விடுவார்கள் என்று, உப்பு இலாகாக்காரர்கள் காவல் போட்டு அதை அழித்தார்கள். பொரிந்து கிடக்கிற உப்பை மிதித்துச் சேற்றோடு கலப்பதைப் பார்த்துப் பொறுமியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். 1930-ல் ராஜாஜி ஏன் வேறெங்கும் போகாமல் வேதாரண்யத்துக்கு வந்தார் என்பதற்கு, அங்கே வேதரத்தினம் பிள்ளை என்ற துணிந்த மனிதர் இருந்தார் என்பது ஒரு காரணம். குனிந்தால் கைக்கு உப்பு கிடைக்கிற தரை என்பது இன்னொரு காரணம். செவ்வாய்ப்பேட்டை நண்பர் சொன்ன அந்த நடையைச் சரணாலயத்தின் கதையிலிருந்து பிரிக்க முடியாது என்றுதான் நான் வகுப்பில் எப்போதும் சொல்லி வந்தேன். சதுப்பு என்ற ஒன்று அங்கே இருக்கிறது, அதில் சனங்களுக்கு உரிமை இருக்கிறது என்று நாடே பேசியது அந்த வருஷத்தில்தான்.

பறவைக்கு வருகிறேன். இதற்குத் தொடக்கம் ஒரு காய்ச்சல் என்றால் நம்புவீர்களா? 1957-ல் அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா பக்கம், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதருக்கும் காய்ச்சல் தொற்றியது. அந்தக் கிருமி ரஷ்யப் பகுதியில் உள்ள ஒரு நோய்க்கிருமிக்கு உறவாக இருந்ததால், வலசைப் பறவை கொண்டுவந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுக்க, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நாடு முழுக்கப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விடும் வேலையைத் தொடங்கியது. அப்படித்தான் 1960-களின் தொடக்கத்தில் பறவையியலாளர் சாலிம் அலியின் கண் கோடியக்கரைமேல் பட்டது. குளிர்காலக் கரைப்பறவைகளுக்கு இப்படி ஓர் அடைக்கலம் தெற்கில் இருக்கிறது, இதைக் காக்க வேண்டும் என்று அவர் எழுதினார். பீகாரிலிருந்து மீர்ஷிகார் என்ற பறவை பிடிப்பவர்களை அழைத்து வந்து, இறகு ஒன்றுகூட முறியாமல் பிடித்து, வளையம் மாட்டி, பறக்க விட்டார்கள். 'பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கவும்' என்று ஆங்கிலத்தில் பொறித்த சின்ன அலுமினிய வளையம் ஒன்றை எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா அரிசிப் பானையில் போட்டு வைத்திருந்தார். செத்து ஒதுங்கிய குருவியின் காலில் கிடந்ததாம். வெள்ளிக்காசு என்று நினைத்து எடுத்து வைத்தவர், பள்ளிக்கூடத்து வாத்தியார் படித்துச் சொன்ன பிறகும் அதை யாருக்கும் கொடுக்கவில்லை. அந்தக் குருவி எந்த ஊரிலிருந்து வந்ததோ என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

உங்கள் முக்கியக் கேள்வி: ஏன் மானுக்காக? 1967-ல் அறிவித்தது 17.26 சதுர கிலோமீட்டர். காடும் புல்வெளியும்தான் அது. ஏற்கெனவே காப்புக்காடாக வனத்துறை கையில் இருந்த நிலம். அங்கே நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிந்த பெரிய விலங்கு வெளிமான், அதுவும் வேட்டையில் குறைந்துகொண்டு வந்தது. சதுப்போ வனத்துறை கணக்கில் இல்லை. பறவை லட்சக்கணக்கில் இறங்கிய அந்தப் பரப்பு, கணக்குப் புத்தகத்தில் எதற்கும் உதவாத நிலம். 1988-ல்தான் பெரிய சதுப்பையும் தலைஞாயிறு காப்புக்காட்டையும் சேர்த்து, 377 சதுர கிலோமீட்டர் அளவுக்கு விரிவாக்கி, வனவிலங்கு மற்றும் பறவைகள் சரணாலயம் என்று அரசு பெயர் வைத்தது. மரமும் மானும் காவல் பெற்ற பிறகு சேறு 21 வருஷம் காத்திருந்தது. அந்த இடைவெளியில் உப்பளங்கள் பெருகின, ஓடைகள் மறிக்கப்பட்டன, காட்டோரம் சீமைக் கருவேலம் பரவியது. 2002 ஆகஸ்டில் 38,500 எக்டேர் ராம்சார் தளமாயிற்று, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற பட்டியலில் சேர்ந்தது, தமிழ்நாட்டில் முதலாவது. அடுத்தவற்றின் அறிவிப்பு வருவதற்கு 2022 ஆகிவிட்டது. 1967 என்ற ஒற்றை வருஷத்தை எழுதி முடித்துவிடுகிறவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. சேற்றைக் காப்பாற்ற மனம் வர நமக்கு இவ்வளவு காலம் பிடித்தது என்பதை அது மறைத்துவிடுகிறது.

மேட்டூர் மதகு பதில்:

ஐயா, நான் மேட்டூர் அணையில வேலை பார்த்தவன். ஒண்ணு சேர்க்கணும். சேலம் தொடர்பு ராஜாஜியோட முடியலைங்க. 1925-ல கட்ட ஆரம்பிச்சு 1934-ல திறந்த நம்ம அணையும் அந்தச் சதுப்போட கதையில உண்டு. வருஷா வருஷம் ஜூன் 12-ந் தேதி திறக்கணும்னு நாங்க தயாரா நிப்போம், டெல்டாக்காரங்க அந்தத் தேதியைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. அந்தத் தண்ணி கல்லணையில பிரிஞ்சு, வெண்ணாறு வழியா போய், கடைசியில கடைமடை வடிகால்ல விழுந்து, சதுப்புக்குத்தான போகுது? அணைக்கு முன்னாடியும் பின்னாடியும் அங்க என்ன வித்தியாசம்? உங்க ஊருப் பெரியவங்க ஏதாவது சொல்லியிருக்காங்களா?

அகத்தியம்பள்ளியான் பதில்:

நல்ல இடத்தைத் தொட்டீர்கள், மேட்டூர்க்காரரே. அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வளவனாறு, முத்துப்பேட்டைப் பக்கம் பாமணியாறு, கோரையாறு, எல்லாமே காவிரியின் கடைசி விரல்கள். அணை இல்லாத காலத்தில் ஆடிப் பெருக்கு என்றால் வண்டலோடு வரும் வெள்ளம். மிச்சம் முழுக்கக் கீழே வந்து சேரும். பழைய மணல்மேடுகள் வரிவரியாகக் கிடப்பதைத் திருத்துறைப்பூண்டியிலிருந்து தெற்கே வரும் வழியில் பார்க்கலாம், கடல் படிப்படியாகப் பின்வாங்கிய தடம் அது. இப்படி ஆயிரக்கணக்கான வருஷமாக மணலும் வண்டலும் சேர்ந்து உண்டான நிலம்தான் எங்களுடையது. அணை வந்த பிறகு வண்டலில் பெரும்பங்கு உங்கள் நீர்த்தேக்கத்தில் தங்கிவிட்டது. தண்ணீரும் புதிதாகப் பாசனம் பெற்ற வயல்களுக்குப் பங்காயிற்று. நாங்கள் அதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்தத் தண்ணீரில் விளைந்த அரிசியைத்தானே சாப்பிட்டோம். ஆனால் சதுப்புக்கு நல்ல தண்ணீர் மழைக்காலத்தில் மட்டும் என்று சுருங்கிப் போனது. நல்ல தண்ணீர் குறைந்தால் உவர் கூடும். உவர் கூடினால் அலையாத்திக் கன்று தவிக்கும், இறாலும் மீன்குஞ்சும் குறையும். எங்கள் பெரியவர்கள் அணையைப் பற்றிப் பேசியதில்லை. 'முன்னெல்லாம் ஓடையில் தண்ணீர் இனிக்கும்' என்று மட்டும் சொல்வார்கள்.

காப்பிக்காடு (ஏற்காடு) பதில்:

மேல இருந்து ஒரு கேள்வி. எங்க எஸ்டேட்டுல குளிர்காலத்துல ஆறுமணிக்குருவி வரும், சாயங்காலம் சில்வர் ஓக் நிழல்ல சருகைக் கிளறிக்கிட்டே கூப்பிடும். கோடியக்கரையிலயும் அதைப் பார்க்கலாம்னு சொல்றாங்களே, அது சேத்துல நிக்கிற பறவை இல்லையே?

அகத்தியம்பள்ளியான் பதில்:

சேற்றில் நிற்காதம்மா. காட்டுக்கு வருகிறது. வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே இறங்கும்போது உங்கள் சேர்வராயன் மலையில் சில தங்கும். இன்னும் தெற்கே, இலங்கைக்குப் போகிறவற்றுக்குக் கடல் தாண்டும் முன் கால் ஊன்றக் கிடைக்கிற கடைசி மரநிழல்களில் ஒன்று கோடியக்காடு. ஐப்பசி மாதத்தில் களைத்துப் போய்ப் புதருக்கடியில் உட்கார்ந்திருக்கும், கிட்டப் போனால்கூட எழாது. அதனால்தான் காட்டை முதலில் காத்ததையும் நான் தவறென்று சொல்ல மாட்டேன். இரண்டும் வேண்டும். காடு மட்டும் இருந்து சதுப்பு இல்லையென்றால் உள்ளானுக்கு இடமில்லை, சதுப்பு மட்டும் இருந்தால் உங்கள் ஆறுமணிக்குருவிக்கு இடமில்லை.

மூக்கனேரிக் கரை:

ஐயா, இவ்வளவும் கிடைக்கும்னு நினைக்கலைங்க. பசங்களுக்கு முதல்ல எங்க நிறுத்திக் காட்டலாம்? ஒரே நாள்தான் இருக்கு.

அகத்தியம்பள்ளியான்:

நேரே காட்டுக்குப் போய்விடாதீர்கள் தம்பி. வேதாரண்யம் தாண்டியதும் அகத்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண் இருக்கிறது. அங்கே இறக்குங்கள். ராஜாஜி கதையை அங்கே சொன்னால் சுற்றிலும் உப்பளம் தெரியும், சொல்லுக்குச் சாட்சி கண்முன் இருக்கும். அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்டுக்கொண்டு பாத்தி ஓரம் கூட்டிப் போங்கள். சின்ன உள்ளான் கூட்டம் அந்தப் பாத்தி ஓரங்களிலேயே ஓடிக்கொண்டிருக்கும். பிறகு கோடியக்காடு, குழகர் கோயில். ராமர் பாதம் என்கிற மேட்டில் ஏறினால் சுற்றிலும் தட்டையான நிலம் முழுக்கத் தெரியும், நாலு மீட்டர் உயரம்தான், ஆனாலும் அந்தப் பக்கத்தில் அதுதான் உச்சி. சதுப்புக்குள் போக வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். சேற்றில் பசங்களை இறங்க விடாதீர்கள், மேலே காய்ந்து தெரியும், கீழே இடுப்பளவு வாங்கும். பூநாரை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அன்றைக்குக் காலையில் அங்கே இருக்கிற காவலரிடம் கேளுங்கள், தண்ணீர் மட்டத்தைப் பார்த்து அது இடம் மாறிக்கொண்டே இருக்கும். ரயிலில் போக நினைத்தால் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளி வரை அகலப்பாதையாக்கி 2023-ல் மறுபடி வண்டி விட்டிருக்கிறார்கள், நேரம் மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.